ஊதினேன் என்று சொன்ன சங்கு

டப்பாவில் தேதி சரியாக இருந்தாலும், ரேவின் மோந்து பார்க்காமல் பாலைத் தேநீரில் ஊற்ற மாட்டாள். கடலோர ஊரான கிஸ்போர்னில் எங்கள் சின்ன அலுவலகத்தில் மென்பொருளைச் சோதிப்பது அவள் வேலை. ஆழிப்பேரலை வந்தால் கடற்கரையிலுள்ள அபாயச் சங்குகளை ஊத வைக்கும் மென்பொருள் எங்களுடையது. அவள் தங்கை நைரி இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அந்தக் கரையில்தான் குடியிருக்கிறாள். அது தெரிந்தும் ரேவினைச் சந்தேகப் பிராணி என்று கேலி செய்தவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

மென்பொருளின் புதிய பதிப்பு வெளியாக வேண்டிய வெள்ளிக்கிழமை. தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு; திரையில் எல்லாச் சோதனைகளும் பச்சை. குழுத் தலைவன் பெவன் பியர் எடுக்க எழுந்துவிட்டான்.

“ஒண்ணுகூட சிவப்பு இல்லையே,” என்றாள் ரேவின். “எனக்கு இது சரியாப் படல.”

“சிவப்பா இருந்தாலும் திட்டுவ, பச்சையா இருந்தாலும் திட்டுவ. உன்னக் கட்டிக்கிட்டவன் பாவம்.”

“அவன் நல்லாத்தான் இருக்கான். நீ உக்காரு.”

மென்பொருளில் சங்கை ஊதச் சொல்லும் வரியையே அழித்துவிட்டு, சோதனைகளை மறுபடி ஓட்டினாள். அப்போதும் எல்லாம் பச்சை. பெவன் உட்கார்ந்தான்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஊரை அலற வைக்க முடியாதே என்று, நிஜச் சங்குக்குப் பதிலாக ஒரு பொய்ச் சங்கை எழுதி வைத்திருந்தோம். யார் சொன்னாலும், சொல்லாவிட்டாலும், அது “ஊதினேன்” என்றே பதில் தரும். மாதக்கணக்கில் அதை நம்பிப் பல்லிளித்திருக்கிறோம். அழித்த வரியைத் திரும்பப் போட்டு, ஊருக்கு அறிவித்துவிட்டு, நிஜச் சங்கில் பார்த்தோம். ஊதவில்லை.

பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினோம். அன்றிலிருந்து எங்களிடம் ஒரு வழக்கம். சோதனை எழுதுகிறவர், மென்பொருளை வேண்டுமென்றே கெடுத்து, அது சிவப்பாவதை முதலில் காட்ட வேண்டும். அதுவரை அவருடைய பச்சையை யாரும் மதிப்பதில்லை.

மறுபடி நிஜச் சங்கைச் சோதிக்கும் நாள் வந்தது. பெவன் பொத்தானருகே காத்திருந்தான். ரேவின் தங்கையைப் போனில் கூப்பிட்டாள்.

“நைரி, சங்கு கேட்டுச்சா?”

“கேட்டுச்சுக்கா. நல்லாவே கேட்டுச்சு.”

பெவன் என்னைப் பார்த்தான். அவன் இன்னும் பொத்தானைத் தொடவே இல்லை.

“டிவிய அணைச்சுட்டுப் புள்ளைங்களோட வெளிய வந்து நில்லு,” என்றாள் ரேவின். “இனிமேதான் ஊதப் போறோம்.”

பெவன் அழுத்தினான். போனுக்குள் சங்கு அலறியது. நைரி ஏதோ கத்திச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஒரு பிள்ளை பயந்து வீறிட்டது. அந்த அழுகையைத்தான் ரேவின் நம்பினாள்.