நாலாம் நடையின் கடைசி இரண்டு மைல்

யாழ்ப்பாணத்து ஆட்களாகிய எங்களுக்குப் பட்டம் என்றால் ஒரு பைத்தியம். கல்யாண அழைப்பிதழில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அது இருக்க வேண்டும். மரண அறிவித்தலிலும் இருக்க வேண்டும். கேற்றில் மாட்டும் பலகையில் இடம் போதாவிட்டால் பெயரைச் சுருக்குவோமே தவிரப் பட்டத்தைச் சுருக்க மாட்டோம். இதை நான் நண்பர்களிடம் பகிடியாகச் சொல்வதுண்டு. ஆனால் என் பைத்தியத்தைச் சுமந்தது ஒரு நாய் என்பதால் எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை.

எனக்கும் ஒரு பட்டம் இருந்தது, கணிதத்தில். அதன் சான்றிதழ் ஊரில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் கிடந்தது. எண்பதுகளில் வீட்டின்மேல் ஷெல் விழுந்தபோது அலுமாரியும் எரிந்துபோனது. லண்டனில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மூலப் பிரதியைக் கொண்டு வரச் சொன்னார்கள். சாம்பலை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? கடைசியில் ஒரு பண்டகசாலையில் காவல் வேலை கிடைத்தது. பகல் ஷிப்ட். வேலையோடு சேர்த்து ஒரு நாயையும் கையில் தந்தார்கள். அல்சேஷன் இனத்துப் பெட்டை நாய்.

நாலு வருடம் நாங்கள் இருவரும் ஒரே கம்பி வேலியைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். பண்டகசாலையை மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நாயை என்ன செய்வீர்கள் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். அன்றே நாயை வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மனைவி வாசலிலேயே சட்டம் போட்டாள். முன்னறை வரை வரலாம். சமையல் நடக்கும் குசினிக்குள் கால் வைக்கக் கூடாது. குசினித் தட்டில்தான் சாமிப் படங்கள் இருந்தன. நாய் அந்தச் சட்டத்தை ஒரே நாளில் விளங்கிக்கொண்டது. குசினி வாசலுக்கு வெளியே மூக்கை வைத்துப் படுத்திருக்கும். ஒரு அங்குலம்கூடத் தாண்டாது.

வேலை செய்து பழகிய நாய் சும்மா இருந்தால் வாடிப்போகும். எங்கள் நாயும் வாடியது. அப்போதுதான் மிருக வைத்தியரின் அறிவித்தல் பலகையில் ஒரு சின்னக் கழகத்தின் தாளைப் பார்த்தேன். வேலை நாய்களுக்கு நடைப் பட்டம் கொடுக்கிறார்களாம். நாய் தன் முதுகின் இரண்டு பக்கமும் பை மாட்டி, சொன்ன எடையைச் சுமந்து பத்து மைல் நடக்க வேண்டும். அப்படி நாலு நடை. கழகத்து ஆள் ஒருவர் கூடவே நடந்து, தொடக்கத்திலும் முடிவிலும் பையை நிறுத்துக் கையெழுத்துப் போடுவார். இடையில் பையைக் கழற்றினால் அந்த நடை சேராது. நாலும் முடிந்தால் சான்றிதழ் வரும்; நாயின் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மற்றவர்கள் பைக்குள் மணல் போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் ஒரு பக்கம் அரிசியும் மறுபக்கம் பருப்பும் போட்டேன். குசினித் தராசில் இரண்டையும் நிறுத்துச் சமப்படுத்துவது மனைவியின் வேலையாயிற்று. திட்டிக்கொண்டேதான் செய்தாள். பை முன்னறையில் ஓர் ஆணியில் தொங்கும். அதை எடுக்கும்போது கொக்கிகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் கேட்டால் போதும். நாய் எங்கிருந்தாலும் எழும்பி வந்து, எனக்கு முதுகைக் காட்டி, பையை மாட்டும்வரை அசையாமல் நிற்கும்.

மூன்று நடையும் சுகமாக முடிந்தன. மூன்றாம் நடையன்று நல்ல மழை. நனைந்து வந்த நாயைத் தன் பழைய துவாயால் துடைத்துவிட்டு மனைவி என்னிடம், "உங்கட பட்டதாரிக்குச் சாப்பாடு வைச்சாச்சு" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு அதுதான் பெயர். எனக்கு அந்தப் பெயர் தேவைக்கு அதிகமாகவே பிடித்திருந்தது.

நாலாம் நடை எப்பிங் காட்டில். குளிர்காலம் தொடங்கும் நேரம். இலையெல்லாம் கொட்டிப் பாதை சேறாகக் கிடந்தது. மனைவியும் வந்தாள். கழகத்தின் சார்பில் வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரப் பெண்மணி. எட்டாவது மைலில் நாயின் பின்னங்கால் இழுபடத் தொடங்கியது. நகம் சேற்றில் கோடு கீறிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால், ஒரு கிழமைக்கு முன்பே வாசற்படியில் அந்தக் கால் தடுமாறியதைப் பார்த்திருந்தேன். படி வழுக்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தபால்காரப் பெண்மணி நின்று, நாய் நலம்தானா என்று கேட்டார். வசந்த காலத்தில் இந்த நடையைத் திரும்பவும் நடக்கலாம், அவசரமில்லை என்றும் சொன்னார். களைப்புத்தான், வேறொன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்.

"அதுக்கு ஏலாமல் கிடக்கு. பையைக் கழட்டுங்கோ," என்றாள் மனைவி.

"இன்னும் ரண்டு மைல்தான். பேசாமல் வாரும்."

நாய் என் முகத்தைப் பார்த்தது. பண்டகசாலையில் சொல்கிற அதே சொல்லைச் சொன்னேன்: நட. அது நடந்தது. முடிவில் பையை நிறுத்தார்கள், எடை சரியாக இருந்தது. பெண்மணி கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்குக் கை கொடுத்தார். நான் பல் தெரியச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் காலை நாயால் எழும்ப முடியவில்லை. இடுப்பு மூட்டுகள் கனகாலமாகவே தேய்ந்துவிட்டன, சீமெந்துத் தரையில் உழைத்த நாய்களுக்கு வருவதுதான் என்றார் வைத்தியர். ஒரு நாள் நடையால் மட்டும் வந்ததில்லை என்றும் ஆறுதல் சொன்னார். அந்தக் கடைசி இரண்டு மைல் எவ்வளவு கெடுத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

மருந்து கொடுத்துப் பார்த்தோம். மனைவி நாயைக் குசினிக்குள் எடுத்து, ஹீற்றருக்குப் பக்கத்தில் போர்வை விரித்துப் படுக்க வைத்தாள். சாமிப் படங்களுக்குக் கீழே இருந்து சோற்றைக் குழைத்துக் கையால் ஊட்டினாள். இரண்டாம் கிழமை சான்றிதழ் தபாலில் வந்தது. தடித்த தாள், பொன் நிறக் கரை, நாயின் பெயர், பின்னால் இரண்டு எழுத்து. "உங்கட பேப்பர் வந்திருக்கு" என்று மேசையில் வைத்தாள். நான் அதைச் சுவரில் மாட்டவில்லை.

மருந்து பலிக்காமல், நாயை வலியில்லாமல் அனுப்பும் கடைசி ஊசியோடு வைத்தியர் வீட்டுக்கு வரச் சம்மதித்த நாளில், ஆணியில் தொங்கிய பையைப் பார்க்கப் பொறுக்காமல் அதை எங்கேயாவது ஒளிக்கலாம் என்று எடுத்தேன். கொக்கிகள் தட்டிக்கொண்டன. குசினிக்குள் நகங்கள் தரையைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. முன்னங்கால்களால் உடம்பை இழுத்து இழுத்து நாய் வாசலைத் தாண்டி என்னிடம் வந்து, பின்பக்கம் தரையில் கிடக்க, முதுகை எனக்குத் திருப்பிக் காத்திருந்தது.

மனைவி பின்னால் வந்து நின்றாள். "ஏலாது எண்டு சொல்ல அதுக்குத் தெரியாது," என்றாள். "உங்களுக்குத் தெரிஞ்சதுதானே."

பையைக் கீழே வைத்தேன். நாய் திரும்பவில்லை. மாட்டாமல் விட்டால் அது அப்படியேதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மனைவி பைக்குள் அப்படியே கிடந்த அரிசியையும் பருப்பையும் ஒரு சட்டியில் கொட்டிவிட்டு வெறும் பையை என்னிடம் நீட்டினாள். மாட்டினேன். அதன் பிறகுதான் நாய் தலையைக் கீழே வைத்தது.

வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, இதைக் கழற்றலாமா என்று மெதுவாகக் கேட்டார். நானே முழந்தாளிட்டுக் கழற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு கொக்கிகள்தான்.