ஆல்பத்தில் என் குரல்

இந்த ஊரில் எனக்குக் கிறிஸ்துமஸ் ஜூலையிலேயே வந்துவிட்டது. வெளியே சாலையோரத்தில் ஸ்ட்ராபெரி விற்றுக்கொண்டிருந்தார்கள். உள்ளே, பழைய கல் தேவாலயத்தில், ஜன்னல்களை அடைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வேர்த்து வழியப் பனி விழும் இரவைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தோம். வெளியே கத்தும் பறவையின் சத்தம்கூட மைக்கில் விழக்கூடாதாம். டிசம்பரில் வரவேண்டிய ஆல்பத்தைக் கோடையிலேயே பதிவுசெய்து வைப்பார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

ஜெர்மனியில் ஒரு சிறிய நகரத்து மருத்துவமனையில் இரத்தம் பரிசோதிக்கும் வேலை எனக்கு. வீட்டுக்காரர் ஜெபராஜ் சங்கரன்கோவிலில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அவர் இங்கே வர ஜெர்மன் மொழித் தேர்வில் தேறவேண்டும். இரண்டு முறை எழுதித் தோற்றார். மூன்றாவது முறைக்கு இன்னும் பெயர் கொடுக்கவில்லை. வேலையிடத்தில் இயந்திரங்களோடுதான் என் பொழுது போகும். தனியாக வந்து இருப்பவர்களுக்குத் தெரியும், ஒரு நாள் முழுக்க நம் குரலை நாமே கேட்காமல் போய்விடும். அதனால்தான் செவ்வியல் இசை பாடும் ஒரு குழுவுக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்ததும் போய் நின்றேன். எடுத்துக்கொண்டார்கள்.

குழுவை நடத்துபவரை இங்கே டிரிகென்ட் என்பார்கள். எங்கள் டிரிகென்ட் மார்ட்டின், முதல் நாள் பதிவிலேயே கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார். என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "ரூபி, இஷ் ஹோர டிஷ்" என்றார். உன் குரல் எனக்குக் கேட்கிறது என்று பொருள். எனக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "டாங்க" என்று நன்றி சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எங்கள் ஊர்ச் சபையில் அது பாராட்டுத்தான். வீடு வீடாகப் பாடிப்போகும் கீதபவனிக்கு வேன் பிடித்துக் கரிவலம்வந்தநல்லூர் வரை போவோம். வேன் இரைச்சலையும் மீறி என் குரல் கேட்கும். ஜெபராஜ்தான் டிரம் அடிப்பார். கல்யாணத்துக்கு முந்தின வருஷம், என்னிடம் பேச வேறெதுவும் தோன்றாமல், "ஏட்டி, நீ பாடுனா என் டிரம்மே கேக்க மாட்டேங்கு" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மேல்குரல் பாடும் ஊட்டே என்ற பெண்தான் அன்று திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு விளங்கவைத்தாள். இருபது பேரும் ஒரே தொண்டையிலிருந்து வருவதுபோல் ஒலிக்கவேண்டும், யாருடைய குரலும் தனியாகத் துருத்தக்கூடாது, மார்ட்டின் சொன்னது அதைத்தான் என்றாள். மறுநாளிலிருந்து குரலை அடக்கினேன். பக்கத்துக் குரலுக்குள் என்னுடையதை நுழைத்து ஒளித்தேன். கடைசி நாள் மார்ட்டின் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இப்போது நீ கேட்கவில்லை, மிக அழகு என்றார். இந்தமுறை அது பாராட்டு. எனக்குத்தான் சந்தோஷப்பட வரவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் ஆல்பம் வந்ததும் ஜெபராஜுக்கு அனுப்பினேன். அன்றே போன் செய்தார்.

"கடையில பெரிய ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டேன். எல்லாரும் ஒரே ஆளு மாதிரில்லா பாடுதீக. நீ எங்கன நிக்க?"

"கீழ்க்குரல்ல பாடுதேன். நல்லாக் கேளுங்க."

"நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஆளைக் காணோமே."

ஒரு வாரம் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. தேர்வுக்குப் பெயர் கொடுத்தீர்களா என்று எப்படியும் கேட்டுவிடுவது என நான் முடிவுசெய்திருந்த ஞாயிற்றுக்கிழமை, போனை எடுத்ததும் சிரித்தார்.

"ஏட்டி, கண்டுபிடிச்சிட்டேன்! நாலாவது பாட்டு. ஆரம்பிக்கதுக்கு முன்னால ஒரு மூச்சு இழுக்கல்லா, அது நீதான். இத்தன வருஷம் பக்கத்துல படுத்தவனுக்குத் தெரியாதா? கடைக்கு வாரவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுதேன். என் வீட்டுக்காரி மூச்சு, கேளுங்கன்னு."

நாலாவது பாட்டை ஊட்டே தனியாகத் தொடங்குவாள். கீழ்க்குரல்காரர்கள் மூன்று வரி தள்ளித்தான் சேருவோம். அந்த மூச்சு அவளுடையது.

"ஏ, சொல்லு, நீதானே?"

"நான்தான்" என்றேன்.

தேர்வைப் பற்றி அன்று கேட்கவில்லை. இப்போது வேலைக்குப் போகும் டிராமில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நாலாவது பாட்டைத்தான் கேட்கிறேன். சங்கரன்கோவிலில் ஒரு கடையில் அதே நேரத்தில் அது ஓடிக்கொண்டிருக்கலாம். ஊட்டே மூச்சை இழுக்கும் இடம் வரும்போது, அவளோடு சேர்ந்து நானும் இழுத்துக்கொள்கிறேன்.