எங்கள் கிணற்றுத் தண்ணீர்

தமிழ்நாட்டில் நாங்கள் இருந்த அகதி முகாமுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தொழிற்சாலை. எரிவாயுவைச் செலுத்தினால் மின்சாரம் தரும் பீங்கான் குழாய்களை அங்கே செய்து பார்த்தார்கள். பீங்கான் மாவைப் பசையாகக் குழைத்து, இடியப்பம் பிழிவதுபோல் இயந்திரத்தில் குழாயாகப் பிழிவது என் கணவரின் வேலை. பிளாஸ்டிக் கான்களில் வரும் காய்ச்சி வடித்த தண்ணீரில்தான் குழைக்க வேண்டும் என்ற விதி மட்டும் அவருக்குப் பிடிக்காது.

"எங்கட கிணத்துத் தண்ணி இருந்தா உந்தக் கான் தண்ணி ஆருக்கு வேணும்?" என்பார். ஊரில் விட்டுவந்த அந்தக் கிணற்றுக் கதை கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது.

போர் முடிந்து, கடலோரத்து முசலிப் பக்கம் ஊர் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு இருந்தது. முதல் வாய்த் தண்ணீரிலேயே உப்புத் தட்டியது.

"இஞ்சேருங்கோ, தண்ணி உவர்க்குது."

"முகாம் தண்ணி குடிச்சு உமக்கு நாக்குப் பழுதாப் போச்சு."

மீள்குடியேற்ற வீடுகளின் குசினிகளுக்கு அடுப்புப் புகைக்குழாய் தேவைப்பட்டது. இடியப்ப உரல்போல் கையால் திருகும் இரும்பு உரல் ஒன்றைச் செய்வித்து, குளத்துக் களிமண்ணைக் கிணற்றுத் தண்ணீரில் குழைத்து அவர் குழாய் பிழியத் தொடங்கினார். முதல் சூளையைப் பார்த்துத்தான் வாங்குவதா என்று முடிவு என்றார் வீடு கட்டும் மேற்பார்வையாளர். சரிவராவிட்டால் இவர் கொழும்புக்கு வேலைக்குப் போக வேண்டும். ஊர் வந்தும் தனியே இருப்பதா என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

குழாய்கள் வழுவழுவென்று வந்தன. நிழலில் காயக் காய மேலே வெள்ளையாகப் பூத்தது. துடைத்தார், மறுநாளும் பூத்தது. "மண் அப்பிடித்தான்" என்றார். வாய் திறந்தால் சண்டைதான் என்று சூளைக்கு விறகு அடுக்கப் போனேன்.

சூளையைப் பிரித்தபோது அத்தனையும் தோலுரிந்து வெடித்துக் கிடந்தன. சுடாமல் மிஞ்சியிருந்த ஒரு குழாயின் வெள்ளையை அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"எங்கட கிணத்தைக் கடல் எடுத்திட்டுது" என்று சொல்லி அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

மேற்பார்வையாளரிடம் நானே போய் இன்னொரு சூளைக்குத் தவணை கேட்டேன். இவர் குளத்திலிருந்து சைக்கிளில் தண்ணீர் கட்டிவந்து குழைத்தார், கான்களில்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இரண்டாம் சூளை தப்பியது. கொழும்புப் பயணம் நின்றது.

அன்றைக்குத் தேத்தண்ணி வைக்கக் குளத்துத் தண்ணீரை எடுத்தேன். மறித்தார்.

"அது வேலைக்கு. எனக்கு எங்கட கிணத்துத் தண்ணியில ஊத்தும்."

சீனியைக் கூடுதலாகப் போட்டும் உவர்த்தது. அவர் ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை. நானும் குடித்தேன்.