வடிவக்காவின் பாதங்கள்

வடிவக்கா போய்விட்டார் என்ற செய்தி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. அவர் கணவர்தான் பேசினார். "ஒங்க அக்கா போயிட்டாம்மா. காலையில பாத்ரூமுக்குக்கூட நடந்துதான் போனா" என்றார். அழுகைக்கு நடுவே அவர் குரலில் ஒரு பெருமையும் இருந்தது. கிட்வாய் நகரில் அக்காவை அறிந்த உங்களுக்கு அது புரியும்.

அலுவலகத்தில் அவர் எனக்கு மூத்தவர், திருநெல்வேலிக்காரர். தொண்ணூறுகளின் கடைசியில் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்தார். ரத்தத்தில் தேங்கும் கழிவு கால் நரம்புகளையும் கெடுக்கும் என்று அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. "பஞ்சு மேல நடக்குத மாதிரி இருக்குட்டி" என்பார். தரை காலுக்குத் தெரியாததால் கண்ணால் பார்த்துப் பார்த்து நடப்பார். எதிரே வருகிறவர்களைக் கவனிக்க முடியாது. ஆபீசர் ஆனதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று உங்களில் சிலரே பேசினீர்கள். போகட்டும்.

நான் கையைப் பிடிக்கப் போனால் தட்டிவிடுவார். "நீ என்னப் பிடிக்காத. நான் ஒன்னப் பிடிச்சுக்கிடுதேன்." சக்கர நாற்காலி என்ற பேச்சை எடுத்தாலே முகம் மாறிவிடும். அதில் ஒருமுறை உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்கவே மாட்டோம் என்று பயந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியை ஆபீசிலேயே செய்வார். "மேடம், டான்ஸா?" என்று பியூன் கேட்டால், "ஹாங் பையா, ஆப் பீ ஆஜாவோ" என்று இந்தியிலேயே அவரையும் ஆடக் கூப்பிடுவார்.

ஒரு மே மாதம் கோயிலுக்குப் போனோம். பிராகாரத்துக் கல் கொதித்தது. நனைத்துப் போட்டிருந்த சாக்கின் மேல் எல்லோரும் ஓடினோம். அக்கா மட்டும் வெறுங்கல்லில், குனிந்த தலையோடு, நிதானமாகச் சுற்றி வந்தார். சரோஜினி நகரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் உருகிப்போய் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு உள்ளங்காலும் கொப்புளம்.

"பக்தியாவது மண்ணாவது! சூடு தெரியல, அவ்வளவுதான்" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. புண் ஆறாவிட்டால் பாதத்தையே எடுக்க நேரிடும், இனி எங்கும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டர் திட்டினார். அதன் பிறகு புண் ஆறும்வரை அக்கா சிரிக்கவில்லை.

ஆறியது. அடுத்த முறை கோயிலுக்குத் தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். "சாமி சன்னதியில சாக்ஸா?" என்று முதலில் சண்டைக்கு வந்தவர் அதே அம்மாள்தான். அக்கா கோபப்படவில்லை. "நீங்க தொட்டுக் கும்பிட்ட காலுதாம்மா. உள்ளதான் இருக்கு" என்றார். அந்த அம்மாள் ஒதுங்கி வழிவிட்டார். அதற்குப் பிறகும் அக்கா பல வருடங்கள் நடந்தே ஆபீசுக்கு வந்தார்.

போன வாரம் பார்க்கப் போனேன். மிகவும் தளர்ந்து படுத்திருந்தார். ஆபீஸ் கதைகளைச் சொல்லிக்கொண்டே அவர் பாதங்களை மடியில் வைத்து அமுக்கிவிட்டேன். வேறு எங்கோ பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தவர் வெகு நேரம் கழித்துத்தான் கீழே பார்த்தார்.

"எப்ப இருந்துட்டி அமுக்குத?"

"இப்பதான்க்கா."

"சொல்லிட்டு அமுக்கக் கூடாதா? நானும் பாத்துக்கிட்டே இருந்திருப்பேம்லா."

மறுபடி, சொல்லிவிட்டு அமுக்கினேன். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான்.