தன் திவசத்துக்குச் சமைத்தவர்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் எங்கள் வீடு. கூடத்துச் சுவரில் ஒரு படம் தொங்கியது. இரட்டைப் பின்னல், வெள்ளைச் சீருடை, பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டி. படத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் மல்லிகை மாலை, கீழே அணையாமல் எரியும் சின்னச் சிவப்பு மின்குமிழ். அது அப்பாவின் ஒரே தங்கை, என் மாமி. போர் முடிந்து சில மாதங்களாகியும் அவரைப் பற்றி ஒரு தகவலும் வராதபோது அப்பா அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினார். வன்னியில் படிப்பித்துக்கொண்டிருந்தவள், ஷெல் விழுந்து போய்விட்டாள் என்று வந்தவர்களிடம் சொன்னார். மாமி ஒரு நாளும் படிப்பித்தவர் அல்ல. பதினெட்டு வயதில் இயக்கத்துக்குப் போனவர். சமாதான காலத்தில் அப்பா வன்னிக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். நம்பிக்கையான நாலு வீடுகளில் கதவைச் சாத்திவிட்டு, "என்ர தங்கச்சி இப்ப பெரிய பொறுப்பில இருக்கிறாள்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். பக்கத்தில் இருந்து கேட்டவள் நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

படம் மாட்டி இரண்டரை வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, படத்தில் இருந்தவர் வாசலில் வந்து நின்றார். புனர்வாழ்வு முகாமிலிருந்து விட்டிருந்தார்கள். வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்து, கோட்டையில் ஓட்டோ பிடித்து, யாரையும் வழி கேட்காமல் வந்து சேர்ந்திருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. இடுப்புக்குள் ஓர் இரும்புத் துண்டு கிடந்ததால் படி ஏறும்போது உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித்தான் ஏறுவார். கதவைத் திறந்த அப்பா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மாமியைத் தாண்டி, எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தார். பிறகு, "செருப்பை உள்ளுக்க எடுத்துக்கொண்டு வா" என்றார்.

செத்துப்போனாள் என்று சொன்ன தங்கை உயிரோடு வந்து நின்றபோது அண்ணன் சொன்ன முதல் வார்த்தை அதுதான். வாசலில் ஒரு சோடி கூடுதலாகக் கிடந்தால் அக்கம்பக்கம் கேட்கும். மாமி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். "மாலையைக் கழட்டேல்லையோ அண்ணை?" என்று கேட்டார். "பொறு. ஆக்களுக்குச் சொல்லியாச்சு. ஆறுதலாப் பாப்பம்" என்றார் அப்பா. அன்று இரண்டு பேரும் அழவில்லை. சமையலறைக்குள் போய் நின்று நான்தான் அழுதேன்.

அந்தக் காலத்துப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்து வைத்திருந்தோம். கதவு தட்டும் சத்தம் கேட்டால் தண்ணீர் குடிப்பதைக்கூட நிறுத்திவிடுவோம். ஆகவே முதல் வருடத்தை நான் அப்பாவுக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அந்தப் பதிவில் அப்பா மாமியின் பெயரைச் சரியாகத்தான் எழுதியிருந்தார். மாதம் ஒரு முறை ஓர் அதிகாரி வந்து, "நங்கி இன்னவாத?", தங்கச்சி இருக்கிறாவா, என்று சிங்களத்தில் விசாரித்து, தேநீர் குடித்துவிட்டு, மாமியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் மாமியைத் தேடி வந்த ஒரே ஆள் அவர்தான். அரசாங்கத்துக்கு மாமி உயிரோடு இருப்பது தெரியும். எங்கள் சொந்தக்காரர்களுக்குத்தான் தெரியக்கூடாது. அப்பா கோயில் சபையில் இருந்தார், நாலு பேர் எழுந்து வழிவிடும் மனிதர், பொய் சொன்னவர் என்று பெயர் வாங்க அவருக்கு விருப்பமில்லை. அதற்கு அவர் போட்ட போர்வை நான். "இயக்கத்தில இருந்தவள் வீட்டில இருக்கிறாள் எண்டால் இந்தப் பெட்டையை ஆர் கேட்டு வருவினம்?" என்பார். அம்மா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே செத்துப்போனார், அண்ணா கனடாவில், மறுத்துப் பேச வீட்டில் ஆளில்லை. தொடர்மாடிக்காரர்களுக்கு மாமி, சமைக்க வந்த வவுனியாக்காரி.

எல்லாவற்றையும்விடக் கேவலம் அந்தத் திவசம். படம் மாட்டிய வருடத்திலிருந்து அப்பா மாமிக்குத் திவசம் கொடுத்து வந்தார். ஆள் திரும்பி வந்த பிறகு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் "இந்த முறை தங்கச்சியின்ர திவசம் எப்ப?" என்று சொந்தக்காரர் கேட்டார்கள். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஆகவே அப்பா ஐயரை வரச்சொன்னார். சமைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? காலையில் முழுகி, ஈரத்தலையோடு அடுப்படிக்குள் போய், கத்தரிக்காய்க் குழம்பும் வாழைக்காய்ப் பொரியலும் வடையும் பாயாசமும் செய்து வைத்துவிட்டு, ஐயர் வருவதற்கு முன் தான் படுக்கும் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார் மாமி. கூடத்தில் அவருடைய பெயரும் நட்சத்திரமும் சொல்லிப் பிண்டம் வைக்கும் சத்தம் அந்த அறைக்குக் கேட்கும். சாப்பிட்டவர்கள் குழம்பைப் புகழ்ந்துவிட்டு, படத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சும் விட்டுவிட்டுப் போவார்கள். பிறகு நான் ஒரு கோப்பையில் சோறு போட்டுக் கொண்டுபோவேன். ஒரு முறை மாமி சொன்னார்: "என்ர ஆத்மா நல்லாச் சாந்தியடைஞ்சிட்டுது பிள்ளை. இன்னும் கொஞ்சம் பாயாசம் கிடக்கோ?" நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்காக என் வாயில் நானே அடிக்கலாம் போலிருக்கிறது. மாமி வந்த பிறகு மட்டும் பதினொரு திவசம் நடந்தது. கொரோனா வருடமும் அப்பா படுக்கையில் விழுந்த வருடமும்தான் ஐயர் வரவில்லை.

மாமி அப்பாவிடம் எதையும் கேட்டவர் அல்ல. என் கலியாணத்துக்கு மட்டும் கேட்டார். "மண்டபத்தில கடைசியா ஒரு மூலையில இருக்கிறன் அண்ணை. ஒருத்தரோடயும் கதைக்க மாட்டன்." அப்பா, "வீட்டைப் பாக்க ஆள் வேணும்" என்றார். கலியாணத்தன்று காலை மண்டபத்துக்குப் போகும் முன், சாமான் அறைக்குப் போய் மாமியின் காலில் விழுந்தேன். மூன்று விரலால் எனக்குப் பொட்டு வைத்துவிட்டார். "அவ வராட்டி நானும் வரமாட்டன்" என்று அந்த நேரம் நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா இத்தனை வருடம் பயந்து நடுங்கிய அந்த மாப்பிள்ளை கேட்டது ஒரு கேள்விதான்: "அப்ப ஏன் அவவைக் கலியாணத்துக்குக் கூப்பிடேல்லை?"

அன்றிலிருந்து எனக்கு அப்பாவோடு ஒரு கணக்கு இருந்தது. தெஹிவளையில் குடியிருந்தேன், கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் வேலை. கலியாண அழைப்பிதழ், அதைவிட அதிகமாகக் கல்வெட்டு. செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்றுதான் சொல்வார்கள். சாமிப்படம், தேவாரம், செத்தவரின் சரித்திரம், வம்சாவளி, கடைசியில் நன்றி. வம்சாவளியில் இருப்பவருக்கு வெறும் பெயர், போனவருக்கு முன்னால் 'காலஞ்சென்ற'. எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தச் சொல்லைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. எட்டு மாதம் கிடந்தார். அவரைக் கழுவித் துடைத்து, முகம் வழித்து, கஞ்சி ஊட்டியதெல்லாம் மாமி. ஒரு மாலை நான் போயிருந்தபோது, அப்பா குழறிக் குழறிச் சொன்னார்: "என்ர கல்வெட்டை ஒழுங்கா அடி. வம்சாவளியைச் சொல்லுறன், எழுது." எழுதினேன். தங்கையின் முறை வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு மாமி இருந்தார். "காலஞ்சென்ற எண்டே போடு. பழையபடி இருக்கட்டும்" என்றார் அப்பா. நான் மாமியைப் பார்த்தேன். மாமி கரண்டியால் கஞ்சியைக் கலக்கி, ஆற வைத்து, "வாயைத் திறவுங்கோ அண்ணை" என்றார். அவர் திறந்தார். அந்த வாய்க்குள் கஞ்சி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே நான் முடிவெடுத்துவிட்டேன். அவர் சாகும்வரை காத்திருந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மரண அறிவித்தலை அண்ணா கனடாவிலிருந்தே கொடுத்தார். மாமி வீட்டில் இருப்பது தெரிந்தும் அதிலும் அவரைக் காலஞ்சென்றவராகத்தான் போட்டார். அப்பாவின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் ஊரெல்லாம் வாய்க்கரிசி போட்டது. எட்டு மாதம் வாயில் ஊட்டியவர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்வெட்டின் மாதிரியை அண்ணா சொன்னபடியே வடிவமைத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "ஓகே, அடி" என்றார். பிறகு வம்சாவளியில் அந்த ஒரு சொல்லை எடுத்தேன். புதிதாக ஒரு பக்கம் எழுதினேன்.

எழுதியதை மாமியிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். "உன்ர அப்பா என்னைக் கேக்காமல் சாக்காட்டினார். நீயாவது கேக்கிறாய்" என்றார். பிறகு பென்சிலை வாங்கி ஒரு வரியை வெட்டினார். 'போரினால் பெரிதும் பாதிக்கப்பட்டு' என்று நான் எழுதியிருந்த வரி.

"பாதிக்கப்பட்டவ எண்டு போடாத. போராளியா இருந்தனான், திரும்பி வந்தனான். அப்பிடியே போடு."

"ஆக்கள் பயப்பிடுவினம் மாமி."

"பயப்பிடட்டும். நான் பதின்மூண்டு வருசம் சாமான் அறைக்குள்ள இருந்தனான்."

அவர் சொன்னபடியே போட்டேன். கைபேசியில் எடுத்த அவருடைய படம் மேலே. கீழே இப்படி: 'அன்னாரின் அன்புத் தங்கை எம்மோடு நலமாக வாழ்கிறார். போராளியாக இருந்து திரும்பி வந்தவர். அன்னாரை இறுதி எட்டு மாதங்கள் பராமரித்தவர். உயிரோடு இருக்கும்போதே இவ்வீட்டில் தமக்குக் கொடுக்கப்பட்ட பதினொரு திவசங்களுக்கும் சமைத்தவரும் அவரே. அத்திவசங்களில் கலந்துகொண்டு உணவருந்திய உற்றார் உறவினர் அனைவருக்கும் எமது மனமார்ந்த நன்றிகள்.' எங்கள் முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர், எந்த வேலையையும் வாசிக்காமல் அடிக்கக் கொடுக்க மாட்டார். வாசித்துவிட்டு, "மகள், இத அடிச்ச பொறகு திருப்பி எடுக்க ஏலாது" என்றார். "தெரியும் முதலாளி" என்றேன். மறுபடியும் வாசித்தார். "அப்ப தாள நல்லதாப் போடுவோம்" என்றார்.

முப்பத்தோராம் நாள் வெள்ளவத்தை மண்டபத்தில் நானூறு பேர். கல்வெட்டைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்பதுதான் வழக்கம். நான் ஐயர் கிரியை செய்துகொண்டிருக்கும்போதே இரண்டு வரிசைக்குக் கொடுத்துவிட்டேன். பக்கம் புரளும் சத்தம் வந்தது, பிறகு கிசுகிசுப்பு, பிறகு அதுவும் நின்றது. அந்த நேரம் பார்த்து மாமி உள்ளே வந்தார். கத்தரிப்பூ நிறச் சேலை. நடுவழியால் பக்கவாட்டில் நடந்து வந்து, முன்வரிசையில் சகோதரிகளுக்கு விடும் கதிரையில் இருந்தார். அப்பாவின் மச்சான் ஒருவர், ஒரு திவசத்தையும் தவறவிடாதவர், எழுந்து வந்து, "பிள்ளை, எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால்..." என்று இழுத்தார். "கத்தரிக்காய்க் குழம்பு நல்லம் எண்டு ஒவ்வொரு வருசமும் சொல்லுவியள் அத்தான். உள்ளுக்க இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்" என்றார் மாமி. அந்த மனிதர் திரும்பிப் போய் இருக்க இடம் தெரியாமல் நின்றார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது.

கிரியை முடிந்ததும், கனடாவிலிருந்து வந்திருந்த அண்ணா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனார். மற்றக் கையில் கல்வெட்டு.

"செத்த மனிசனைச் சபையில வைச்சு நாறடிச்சுப்போட்டாய்."

"ஓம்" என்றேன்.

"மிச்சப் புத்தகம் எங்க? இந்த ஒற்றைத் தாளைக் கிழிச்சுப்போட்டுத்தான் குடுக்கோணும்."

புத்தகக் கட்டைக் காட்டினேன். அவர் கையிலிருந்ததை விரித்து, மாமியின் பக்கத்தை மேல் மூலையில் பிடித்தார். கிழிக்கப் போனவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கத்தில் பிள்ளையார். எங்கள் கல்வெட்டுகளில் முதல் தாளில் இருப்பவர் அவர். அவருக்குப் பின்பக்கத்தில் மாமியை வைத்தது நான், நாலு நாள் யோசித்து. பழைய கலண்டரில் சாமிப்படம் இருந்தால்கூடக் குப்பையில் போடாமல் கடலில் கொண்டுபோய் விடும் ஆட்கள் நாங்கள். இன்றைக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகும்போது சாமித்தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகத்தைக் காண்கிறேன். எறியவும் முடியாமல், விரிக்கவும் முடியாமல் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பரம திருப்தி.

"நீ வேணுமெண்டுதான் செய்திருக்கிறாய்" என்றார் அண்ணா.

"ஓம் அண்ணா. வேணுமெண்டுதான்."

தாளின் மூலையிலிருந்து விரலை எடுத்தார். பிறகு புத்தகத்தை மூடி, பழக்கதோஷத்தில் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். மிச்சக் கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், பந்தியில் இருந்தவர்களுக்குத் தன் கையாலேயே ஒவ்வொன்றாகக் கொடுத்தார்.