காபிச் சக்கை தின்ற செவலை

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள்: கல்லாவில் முதலாளி, பின்பக்கம் வடைக்கு மாவாட்டும் அக்கா, எதிரே சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்த பாய், காபி மாஸ்டராகிய நான். அப்புறம் செவலை நாய். மலைப்படிக்கட்டுக்கு எதிரே இருந்த அந்தக் கடையை விட்டு அது நகராது.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். காவடிக் கூட்டத்துக்கு ஊற்றி ஊற்றி, காபிச் சக்கை ஒரு வாளி சேர்ந்திருந்தது. காலையில் பால் குண்டானை இறக்கும்போது கை தவறி, இரண்டு லிட்டர் பாலை அந்த வாளிக்குள்ளேயே கவிழ்த்துவிட்டேன். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்? வாளியைக் கொல்லையில் ஒளித்து வைத்தேன்.

பத்து மணிக்கு அக்கா அலறினாள். நாய் வாயில் நுரை தள்ள, உடம்பெல்லாம் நடுங்க, கொல்லையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

"வெறி புடிச்சிகினு கீது! எடுறா அந்தக் கட்டைய!" என்றார் முதலாளி.

விடியற்காலையில்தான் அது என் கையை நக்கியிருந்தது. வெறிநாய் என்றால் அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி! மனதுக்குள் ஏழு வரை குத்திக்கொண்டுவிட்டேன். அப்போதுதான் கவிழ்ந்து பாதி காலியாகிக் கிடந்த சக்கை வாளி கண்ணில் பட்டது.

முதலாளி கட்டையை ஓங்கிவிட்டார்.

"நைனா, பால் கொட்டிடுச்சி!" என்று கத்தினேன்.

"டேய், நாய் வெறி புடிச்சி ஆடுது, நீ பால் கதை பேசுற?"

"சக்கை வாளில கொட்டிட்டேங்க. அதைத்தான் துன்னுட்டுது. வெறி இல்லீங்க, காபி!"

முதலாளி கட்டையைக் கீழே போட்டார். பாய் சிரித்துவிட்டார். "அரை டம்ளர் குடிச்சாலே எனக்குத் தூக்கம் வராது. இது திருவிழாக் கூட்டத்துக் காபிய ஒண்டியா துன்னுகீது!"

பாய்தான் நாயைச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் வைத்து, மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"வெறியெல்லாம் இல்ல. காபி, டீ ரெண்டும் நாய்க்கு விஷம்யா, சக்கை கூட ஆவாது. நல்லவேளை, துன்னத சொன்னீங்க" என்றார் டாக்டர். ஊசி போட்டார். நாய்க்குத்தான், எனக்கில்லை.

சாயங்காலம் அது எனக்கு முன்னால் நடந்து கடைக்கு வந்தது.

"நாய் பொழச்சிடுச்சி, சரி. பாலு?" என்றார் முதலாளி.

நாலு ரூபாய். சம்பளத்தில் வாரம் எட்டணா பிடித்தார். மூன்றாவது வாரம் நாய் அவர் காலடியில் படுக்க ஆரம்பித்தது. அதன் பிறகு அவர் பிடிக்கவில்லை, கேட்கவுமில்லை. எப்போது கேட்பாரோ என்று நான்தான் பயந்துகொண்டிருந்தேன். பாக்கி இரண்டரை ரூபாய்.