நண்டின் பின்னங்கால்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் ஸ்பிரிங்வேலில் முப்பது வருடம் மீன்கடை நடத்திய என்னை நண்டு விஷயத்தில் எந்தப் படித்தவரும் ஏமாற்ற முடியாது.

கடையை விற்ற பிறகு பழங்காசு சேர்ப்போர் சங்கம் ஒன்றில் சேர்ந்தேன். கிரேக்க எழுத்து எனக்கு வாசிக்க வராது, படத்தை வாசிப்பேன். என்னிடமிருந்தது சிசிலித் தீவின் பழைய கிரேக்க நகரமொன்றின் வெண்கலக் காசு. ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் நண்டு. கடல் நண்டு என்றார்கள் சங்கத்தில். நான் எழும்பி, ஆற்று நண்டு என்றேன். சிரித்தார்கள். இதே காசு ஒன்றை வைத்திருந்த தலைவர், ஒரு கிரேக்கக் கிழவர், மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த கூட்டத்துக்குக் காசோடு வந்து காட்டும்" என்றார்.

நாம் வாங்கித் தின்னும் கடல் நண்டின் கடைசிக் கால் துடுப்புப்போலத் தட்டை. காசிலோ ஆற்று நண்டுக்குப்போலக் கூர்க்கால். என் சாட்சியே அதுதான்.

கூட்டத்துக்கு முதல்நாள் பார்த்தால் காசு பச்சை பிடித்துக் கிடந்தது. சபையில் வைக்கும் பொருள் துலங்க வேண்டாமா? குத்துவிளக்கை மினுக்குவதுபோலப் பழப்புளியில் ஊறப்போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். மனைவி வாங்கிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, நல்லா மின்னுது. நண்டின்ர பின்னங்கால் எங்க?"

காலைக் காணவில்லை.

"ரெண்டாயிரம் வருசம் மண் தின்னாததை நீங்கள் ஒரு மத்தியானத்தில திண்டு முடிச்சிட்டியள். நாளைக்கு வயித்துக்குத்து எண்டு சொல்லிப்போட்டு வீட்டில நில்லுங்கோ."

"நான் போவன். நண்டோட போவன்."

போனேன். மஞ்சளாய் மின்னிய காசை மேசையில் வைத்து, புளி போட்டுத் தேய்த்ததை நானே முதலில் சொன்னேன். ஒரு பெண் தலையில் கைவைத்தார். "சட்டைப் பொத்தானா?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

கொண்டுபோன ஐஸ்பெட்டியைத் திறந்து நீலக்கால் கடல் நண்டை எடுத்தேன். அதன் பின்னங்காலை விரித்துப் பிடித்து, தலைவரிடம் என் அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன்: "இது துடுப்பு. காசில் துடுப்பு இல்லை. என் காசில் அழித்தது நான். உங்கள் காசில் அழியவில்லையே, பாருங்கள்."

தலைவர் தன் பெட்டியிலிருந்து, பச்சை கலையாத அதே காசை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். திருப்பிப் பிடித்து மறுபடியும் பார்த்தார்.

"கூர்தான்" என்றார். "அந்த நண்டை இப்படித் தள்ளும்."

தள்ளவில்லை. நானே கொண்டுபோய்க் காட்டினேன். நண்டைச் சரியாகப் பிடிக்க அந்த மண்டபத்தில் வேறு யாருக்குத் தெரியும்?